லவோசியரின் தராசு

ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்னும் இரு சொற்களை மாணவர்க்கு விளக்கப் புகும்போதெல்லாம் அந்துவான் லவோசியரின் வரலாற்றையே நான் முதலிற் கூறுவது வழக்கம். வரைவிலக்கணத்தை மனனஞ் செய்வதிலும், அவ்வுண்மையைக் கண்டவரின் வழியே சென்று காண்பது எளிது.

1743ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் பிறந்த லவோசியர் சட்டம் பயின்றவர். 1768இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் இடம்பெற்றார். அவ்வாண்டிலேயே, அரசனுக்காக வரி தண்டும் குத்தகைக் குழுவிற் பங்கும் வாங்கினார். வரவையும் செலவையும் ஒப்புநோக்கும் அப்பழக்கம் ஆய்வுகூடத்திலும் அவரை விட்டு நீங்கவில்லை.

எரியும் பொருளிலிருந்து புளோசித்தன் என்னும் ஒன்று வெளியேறுகின்றது என்பதே அந்நாளைய கொள்கை. அங்ஙனமாயின் எரிந்தபின் நிறை குறைதல் வேண்டும். 1772இல் கந்தகத்தையும் பொசுபரசையும் எரித்து நிறுத்த லவோசியரோ, நிறை கூடியிருக்கக் கண்டார். கூடியது எங்கிருந்து வந்தது?

1774இல் ஆங்கில அறிஞர் பிறீஸ்ற்லி பாரிசுக்கு வந்தார். இரசத்தின் செந்நீற்றை வெப்பமேற்றித் தாம் பெற்ற புதுவாயுவைப் பற்றி விருந்தொன்றில் லவோசியரிடம் கூறினார். விடைக்குத் திறவுகோல் அதுவே. பின்னர் லவோசியர் இரசத்தைக் காற்றுடன் 12 நாட்கள் வெப்பமேற்றினார். 50 கன அங்குலக் காற்றில் 7 அல்லது 8 கன அங்குலம் மறைந்தது. இரசத்தின்மேற் செந்நீறு படிந்தது. அந்நீற்றில் 45 கிறெயினை மேலும் கடுமையாக வெப்பமேற்ற, 41½ கிறெயின் இரசம் மீண்டது. மறைந்த அளவு வாயுவும் வெளிவந்தது. முன்னது ஒட்சியேற்றம், பின்னது தாழ்த்தல். அவ்வாயுவுக்கு ஒட்சிசன் எனப் பெயர் சூட்டியவர் லவோசியரே. ஆயினும், பிறீஸ்ற்லிக்குத் தாம் பட்ட கடனை அவர் நேர்மையாகக் கணக்கில் எழுதினாரல்லர் என்பதே என் எண்ணம்.

1789இல் அவருடைய இரசாயன நூல் வெளிவந்தது. அதற்குரிய படங்களை வரைந்தவர் மனைவி மரி ஆன். அதே ஆண்டிற் பிரெஞ்சுப் புரட்சியும் மூண்டது. வரி தண்டியோரைப் புரட்சி மன்னிக்கவில்லை. 1794 மே 8ஆம் நாள், மாமனார் உட்பட வேறு 27 பேருடன் லவோசியரும் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஒரே நாளில் தந்தையையும் கணவனையும் இழந்த மரி ஆன், எஞ்சிய கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார்.

1897இல் இலத்திரன் கண்டறியப்பட்டபின் அவர் தொடங்கிய கணக்கு மேலும் விரிந்தது. இலத்திரனை இழத்தல் ஒட்சியேற்றம்; ஏற்றல் தாழ்த்தல். இரச அணு இழக்கும் இரு இலத்திரன்களை ஒட்சிசன் அணு ஏற்கின்றது. ஆகவே இரண்டும் ஒருங்கே நிகழ்வன. ஒட்சிசனே கலவாத தாக்கங்களுக்கும் இது பொருந்தும். சமன்பாட்டின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டு நோக்கும் மாணவன், லவோசியரின் தராசையே கையிலெடுக்கின்றான்.