குரங்கை ‘அது’ என்று சொல்லாத ரமணர்!

பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்னால் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்து பாருங்கள். எங்கேயோ மயில் அகவும். மரக்கிளையில் ஒரு குரங்குக் குடும்பம் உட்கார்ந்து உங்கள் பையையே பார்த்துக்கிட்டு இருக்கும். உடனே போனை எடுப்பீங்க, இல்லையா? எடுப்பதற்கு முன்னால், இதே மலையில் போனும் இல்லாமல், பைனாகுலரும் இல்லாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் இவற்றைக் கவனித்த ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1879-ல் திருச்சுழியில் பிறந்த வெங்கட்ராமன், 1896 செப்டம்பர் 1 அன்று 16 வயதுப் பையனாக இங்கே வந்து சேர்ந்தார். அதன்பிறகு இந்த ஊரை விட்டு அவர் போகவே இல்லை. ரமண மகரிஷி என்று உலகமே கொண்டாடுவது அவரைத்தான்.

மலை மேலே விருபாட்ச குகையில் அவர் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் குரங்குகள்தான். எந்தக் கூட்டத்துக்கு எதுவரை எல்லை, யார் ராஜா, யாருக்குள்ள சண்டை... பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டார். கடிபட்டு, கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு குட்டியைக் காப்பாற்றினார். காலை இழுத்து நடந்ததால் நொண்டிப் பையன் என்று பேர். மனுஷன் கைபட்ட குட்டியைக் கூட்டம் பொதுவாகத் திரும்பச் சேர்க்காது. இவனை மட்டும் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பிற்பாடு அந்தக் கூட்டத்துக்கே அவன் ராஜா ஆனான்!

‘அவன்’ என்று எழுதியது தவறில்லை. ரமணர் விலங்குகளை ‘அது’ என்று சொல்ல மாட்டார், அவன், அவள்தான். நாய்களுக்கு அவர் வைத்த பேரே பசங்கள். பாம்பு வந்தாலும் அடிக்க விட மாட்டார். அதுங்க வீட்டுக்கு நாமதானே குடிவந்திருக்கோம் என்பது அவர் கணக்கு.

1922-ல் அம்மா மறைந்தபிறகு மலையடிவாரத்தில் ஆசிரமம் உருவானது. அங்கே அவர் சோபாவில் அணில்கள் ஏறி விளையாடும். கையாலேயே கடலை ஊட்டுவார். 1926-ல் கன்றாக வந்த பசு லட்சுமி 1948-ல் இறந்தபோது, மனிதர்களுக்குப் போலவே சமாதி எழுப்பினார்கள். பக்கத்திலேயே மான், காகம், நாய்க்கும் சமாதிகள் உண்டு. இன்றைக்கும் பார்க்கலாம்.

1950 ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தார்.

அவரும்தான் ஊட்டினார், நாம பிஸ்கெட் போட்டா என்ன தப்பு என்று கேட்கலாம். அவர் அங்கேயே வாழ்ந்தார். ஒவ்வொருத்தரையும் அடையாளம் தெரியும். நாம ஒரு ரீல்ஸ் எடுத்துட்டுப் போயிடுவோம். பாக்கெட்டுக்குப் பழகிய குரங்கு ரோட்டுக்கு வரும், வண்டியில் அடிபடும். அதனால் அவரிடமிருந்து பொறுமையை மட்டும் எடுத்துக்குவோம். அடுத்த முறை மலைப்பக்கம் போனால் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்க. யார் ராஜா என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.