திரை காட்டாத இசைமேதை

1971ஆம் ஆண்டு இங்கிலாந்து இயக்குநர் கென் ரசல், உருசிய இசைமேதை சைக்கோவ்ஸ்கியின் வாழ்வைத் திரைப்படமாக்கினார். கனவுக் காட்சிகளும் வெறியாட்டமும் மலிந்த அப்படத்தைக் கண்டோர், கண்ணீரும் கலக்கமுமே அவர் வாழ்வென எண்ணக்கூடும். கலக்கம் இருந்தது மெய்யே. அதனினும் மிகுதியாக உழைப்பு இருந்தது. உழைப்பைத் திரையில் காட்டுதல் எளிதன்று.

சைக்கோவ்ஸ்கி 1840இல் வோட்கின்ஸ்க் என்னும் ஊரில் சுரங்கப் பொறியாளரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதில் பீட்டர்ஸ்பர்க் நகரில் பள்ளியில் விடப்பட்டபோது, தாய் ஏறிச்சென்ற வண்டியின் பின்னே அழுதுகொண்டு ஓடினார். நான்காண்டுகளில் அத்தாயைக் காலரா நோய் கொண்டுசென்றது. சட்டம் பயின்று நீதித்துறையில் எழுத்தரானார். 1862இல் அந்நகரில் இசைக்கல்லூரி தொடங்கப்பெற்றதும் அதில் சேர்ந்தார். மறு ஆண்டே அரசுப் பணியைத் துறந்தார். நிலையான ஊதியத்தை விடுத்து, நிலையற்ற கலையை நம்பிய துணிவு அது.

பின்னர் மாஸ்கோ இசைக்கல்லூரியில் ஆசிரியரானார். 1874ஆம் ஆண்டின் இறுதியில், தாம் இயற்றிய முதல் பியானோ இசைக்கோவையை அக்கல்லூரித் தலைவர் நிகோலாய் ரூபின்ஸ்டைனிடம் வாசித்துக் காட்டினார். வாசிக்கத் தகாதது, முற்றும் திருத்தி எழுதுக என்றார் தலைவர். சைக்கோவ்ஸ்கி ஒரு சுரத்தையும் மாற்ற இசைந்திலர். மறு ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செருமானியக் கலைஞர் பியூலோ அதனை அரங்கேற்றினார், அவை ஆர்ப்பரித்தது. பின்னாளில் ரூபின்ஸ்டைனே அதனை விரும்பி வாசித்தார். சைக்கோவ்ஸ்கியும் பிற்காலத்தில் சில இடங்களைத் திருத்தினார் என்பதையும் சொல்லவேண்டும்.

1877இல் செய்துகொண்ட திருமணம் சில வாரங்களிலேயே முறிந்தது. திரைப்படம் நெடிது தங்கும் இடம் இதுவே. ஆனால் நான்காம் சிம்பொனியும் ‘யெவ்கேனி அனேகின்’ இசைநாடகமும் உருப்பெற்றதும் அந்நாள்களில்தான். நதேழ்தா ஃபான் மெக் என்னும் செல்வப் பெருமாட்டி ஆண்டுக்கு 6,000 ரூபிள் வழங்கி அவரைப் புரந்தார். பதின்மூன்று ஆண்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடல்கள் எழுதிக்கொண்ட அவ்விருவரும் நேரில் உரையாடியதே இல்லை. 1890இல் அவ்வுதவி திடீரென நின்றது. பணத்தினும் நட்பின் இழப்பே அவரை வருத்தியது.

இறுதி ஆண்டுகளில் கிளின் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். காலையில் எழுத்து; உணவுக்குப்பின் இரண்டு மணி நேர நடை; மீண்டும் எழுத்து. மழையாயினும் பனியாயினும் இம்முறை மாறவில்லை. 1893 அக்டோபரில் ஆறாம் சிம்பொனியைத் தாமே நடத்தி அரங்கேற்றினார். ஒன்பதாம் நாள் மறைந்தார். தாயைக் கொன்ற காலராவே காரணம் என அறிவிக்கப்பட்டது.

கிளின் இல்லம் இன்று நினைவில்லமாக உள்ளது. ஆறாம் சிம்பொனி எழுதப்பட்ட மேசை, படுக்கையறைச் சன்னலருகே இருக்கிறது. அணி வேலைப்பாடு ஏதுமற்ற மரமேசை அது.