ரெண்டு கப்பலை இழந்த கேப்டன்

மோபி டிக் நாவலை நீங்க படிச்சிருக்கணும்னு அவசியமில்லை. ஒரு பெரிய திமிங்கிலம் கப்பலை முட்டி மூழ்கடிக்கும் கதை அதுன்னு தெரிஞ்சா போதும். அந்த முட்டல் வெறும் கற்பனை இல்லைங்க. 1820 நவம்பர் 20 அன்று, பசிபிக் கடலின் நடுவில், எஸ்ஸெக்ஸ் என்ற கப்பலுக்கு நிஜமாவே நடந்தது. 2015-ல் இதை ஹாலிவுட்டில் படமாகவும் எடுத்தாங்க. தோர் புகழ் கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்தான் ஹீரோ. ஆனா அவர் நடிச்சது கேப்டனா இல்லை, முதல் மேட் ஓவன் சேஸாக. கேப்டன் ஜார்ஜ் பொலார்டுக்கு அதில் ரெண்டாவது இடம்தான். நான் சொல்லப்போறது அந்த ரெண்டாவது ஆளைப் பத்தி.

பொலார்டு பிறந்தது 1791-ல், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் நான்டக்கெட் தீவில். ஊர் முழுக்க ஒரே தொழில், திமிங்கில வேட்டை. அந்தக் காலத்தில் வீட்டு விளக்கு எரிஞ்சது திமிங்கில எண்ணெயில்தான். 1819 ஆகஸ்ட்டில் எஸ்ஸெக்ஸ் கிளம்பும்போது அவருக்கு 28 வயசு. கேப்டனா அதுதான் முதல் பயணம். நம்ம சீனியர் ஒருத்தருக்கு முதல் வேலையிலேயே டீம் லீட் கொடுத்த மாதிரி நினைச்சுக்கோங்க.

கிளம்பின சில நாளிலேயே ஒரு சூறைக்காற்று கப்பலைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டது. வேட்டைப் படகுகள் சில போச்சு. திரும்பிப் போய்ச் சரி பண்ணிட்டு வரலாம்னு பொலார்டு முடிவெடுத்தார். ரெண்டு மேட்களும் வேண்டாம்னு பேச, அவர் இறங்கி வந்தார். கப்பல் மேலே போனது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, இன்னொரு தடவை இதேதான் நடக்கும்.

திமிங்கிலம் முட்டிய அன்னிக்கு பொலார்டு கப்பலிலேயே இல்லை. சின்னப் படகில் வேட்டைக்குப் போயிருந்தார். ரெண்டு முட்டு. சுமார் 87 அடி நீளக் கப்பல் முடிஞ்சது. 20 பேர், 3 படகு, கொஞ்சம் பிஸ்கட், கொஞ்சம் தண்ணி. காற்று கிழக்கிலிருந்து வீசுது. அதனால் மேற்கே டஹிட்டி பக்கம் போறது சுலபம், அங்கே போகலாம்னு பொலார்டு சொன்னார். அந்தத் தீவுகளில் மனுஷனைத் தின்பவர்கள் இருக்காங்கன்னு மேட்கள் பயந்தாங்க. உண்மையில் டஹிட்டியில் 1797-லிருந்தே பாதிரியார்கள் குடியிருந்தாங்க. பொலார்டு மறுபடியும் விட்டுக்கொடுத்தார். எதிர்க்காற்றைச் சுத்திக்கிட்டு தென் அமெரிக்கா போகணும்னு முடிவாச்சு. அது மூணு மாசப் பயணம்.

அந்த மூணு மாசத்தில் நடந்ததை நான் விரிவா எழுதப் போறதில்லை. மனுஷ மாமிசத்துக்குப் பயந்து வழி மாறினவங்க, கடைசியில் இறந்த நண்பர்களின் உடலைச் சாப்பிட்டு உயிரைப் பிடிச்சுக்கிட்டாங்க. பொலார்டின் படகில் நாலு பேர் மிச்சம் இருந்தப்போ, சாப்பிட எதுவுமே இல்லை. சீட்டுப் போட்டாங்க. சீட்டு விழுந்தது ஓவன் காஃபின் பேருக்கு. பதின்வயசுப் பையன், பொலார்டின் நெருங்கிய உறவுக்காரன். உனக்குப் பதில் நான் சாகிறேன்னு பொலார்டு சொன்னதா பதிவு இருக்கு; பையன் ஒத்துக்கலை. சுட வேண்டியது யாருங்கிறதுக்கும் ஒரு சீட்டு. அது சார்லஸ் ராம்ஸ்டெல் என்பவனுக்கு விழுந்தது, அவன் காஃபினின் நண்பன். 95-வது நாள் சிலி கரைக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் அந்தப் படகைக் கண்டுபிடிச்சப்போ, உயிரோட இருந்தது பொலார்டும் ராம்ஸ்டெலும் மட்டும்தான். 20 பேரில் மொத்தம் பிழைச்சது 8 பேர்.

1821 ஆகஸ்ட்டில் ஊர் திரும்பினார். காஃபினோட அம்மாவால் அவர் முகத்தைப் பார்க்கவே முடியலை. ஓவன் சேஸ் அதே வருஷம் புத்தகம் போட்டுவிட்டார், பொலார்டு ஒண்ணும் எழுதலை. மூணே மாசத்தில் மறுபடியும் கடலுக்குக் கிளம்பினார். எந்தக் கப்பலில் தெரியுமா? அவரை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த டூ பிரதர்ஸ் கப்பலுக்கே இப்போ அவர் கேப்டன். கூடப் போனவங்களில் ராம்ஸ்டெலும் இருந்தான். எஸ்ஸெக்ஸில் 14 வயசுப் பையனாக ஏறின தாமஸ் நிக்கர்சனும் இருந்தான். அவரோட நரகத்தைப் பார்த்தவங்களே அவர்கிட்ட மறுபடி வேலைக்குச் சேர்ந்தாங்க. ஒரு கேப்டனுக்கு இதைவிட நல்ல சர்டிஃபிகேட் எனக்குத் தெரியலை.

1823 பிப்ரவரி. ஹவாய்க்கு வடமேற்கே, மேகம் மூடிய வானம். நிலவையும் நட்சத்திரத்தையும் பார்த்து இடத்தைக் கணக்கிட வழியில்லை. வேகம், திசை, நேரம் மூணையும் வச்சு உத்தேசமாப் போட்ட கணக்குதான். வீல் என்கோடரை மட்டும் நம்பி ரோபோ ஓட்டினவங்களுக்கு இது புரியும்: ஒவ்வொரு நிமிஷமும் சின்னப் பிழை, கூடிக்கூடி கடைசியில் ரோபோ சுவத்தில் போய் முட்டும். பிப்ரவரி 11 ராத்திரி டூ பிரதர்ஸ் முட்டியது ஃப்ரெஞ்ச் ஃப்ரிகேட் ஷோல்ஸ் என்ற பவளப்பாறைத் திட்டில். பொலார்டு கப்பலை விட்டு இறங்கவே இல்லை. ஆட்கள் கெஞ்சித்தான் படகில் ஏத்தினாங்க. கூட வந்த மார்த்தா கப்பல் காலையில் எல்லாரையும் காப்பாத்தியது. இந்தத் தடவை ஒருத்தர்கூடச் சாகலை. ஆனா யார் அதைக் கணக்கில் வச்சாங்க?

நம்ம ஊரில் ராசியில்லாதவன்னு சொல்வோம்ல, நான்டக்கெட்டிலும் அந்த முத்திரை உண்டு. திமிங்கிலக் கப்பல் முதலாளி யாரும் இனி தன்னை நம்ப மாட்டாங்கன்னு அவருக்கே தெரிஞ்சுபோச்சு. ஊருக்கு இரவுக் காவல்காரர் ஆனார். ராத்திரி 9 மணிக்கு மேல சுத்துற பசங்களை வீட்டுக்கு விரட்டுறது அவர் வேலை. நம்ம ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணன் மாதிரியேதான். ஒவ்வொரு நவம்பர் 20-ம் தேதியும் அறைக்குள்ளே பூட்டிக்கிட்டுப் பட்டினி கிடப்பார்னு சொல்வாங்க. 1852-ல் மோபி டிக் எழுதிய மெல்வில் நான்டக்கெட் வந்து அவரைச் சந்திச்சார். நாவல் முந்தின வருஷமே வந்திருந்தது. ஊர்க்காரங்களுக்கு அவர் ஒரு சாதாரண ஆள். மெல்விலுக்கோ தான் பார்த்த மனுஷங்களிலேயே மனசை அதிகம் தொட்ட ஆள். 1870 ஜனவரியில், 78 வயசில் பொலார்டு இறந்தார்.

இனி கப்பலுக்கு வருவோம். 2008-ல், கெல்லி கிளீசன் தலைமையில் கடலடித் தொல்லியல் குழு ஒண்ணு அதே பவளப்பாறையில் முங்கியபோது ஒரு பெரிய நங்கூரம் கண்ணில் பட்டது. அடுத்தடுத்த வருஷங்களில் கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் இரும்புக் கொப்பரைகள், எறியீட்டி முனைகள், ஈட்டிகள், சாணைக்கல், பீங்கான் துண்டுகள் எல்லாம் கிடைச்சது. மரம் மொத்தமும் போயிருந்தது. கப்பல் பேர் எழுதின பொருள் ஒண்ணுகூட இல்லை. அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

கழிச்சுக்கட்டும் முறைதான். கொப்பரை இருக்கு, அப்போ திமிங்கிலக் கப்பல். அந்தத் திட்டில் மூழ்கியதா பதிவான அமெரிக்கத் திமிங்கிலக் கப்பல்கள் மூணுதான்: 1823, 1859, 1867. சார்ஜர் முனையைப் பார்த்தே போன் எந்தக் காலத்ததுன்னு சொல்ற மாதிரி, எறியீட்டிக்கும் காலம் சொல்லலாம். 1848-க்குப் பிறகு அதன் வடிவமைப்பே மாறிவிட்டது. இங்கே கிடைச்ச பொருட்கள் 1820-களுக்குப் பொருந்தின. கூடவே நிக்கர்சன் வயசான காலத்தில் எழுதி வச்ச நினைவுக் குறிப்பு. 1960-ல்தான் அது ஒரு வீட்டுப் பரணில் கிடைச்சது. அதில் டூ பிரதர்ஸ் உடைஞ்ச இரவையும் அவர் எழுதியிருந்தார். அது இடத்தோட ஒத்துப்போச்சு.

2011 பிப்ரவரி 11 அன்று, சரியா 188 வருஷம் கழிச்சு, இது பொலார்டின் கப்பல்தான்னு அறிவிச்சாங்க. நான்டக்கெட்டின் திமிங்கிலக் கப்பல்களில் கடலடியில் அடையாளம் காணப்பட்ட முதல் கப்பல் அது. எஸ்ஸெக்ஸ் இன்னும் கிடைக்கலை.