ஆளை வளர்த்த ஆலை

1877ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் நாகபுரி நகரில் ஒரு பஞ்சாலை தொடங்கப்பட்டது. விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசியாக அன்றுதான் தில்லியில் அறிவிக்கப்பட்டார். அதனால் அவ்வாலைக்கு எம்பிரஸ் மில் என்று பெயர் வைத்தனர். அதனை நிறுவியவர் ஜாம்ஷெட்ஜி நுசர்வான்ஜி டாடா. அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு.

ஆலை ஓடத் தொடங்கியதும் ஒரு சிக்கல் தலைதூக்கியது. எந்திரங்கள் இருந்தன, பஞ்சும் இருந்தது, ஆனால் பணிக்கு வர வேண்டிய தொழிலாளருள் ஐந்தில் ஒருவர் நாள்தோறும் வரவில்லை. அவர்கள் அனைவரும் சுற்றுப்புற ஊர்களின் உழவர்கள். விதைப்பு வந்தால் ஊருக்குச் சென்றனர்; அறுவடை வந்தாலும் சென்றனர்; திருவிழா என்றால் சொல்லவே வேண்டியதில்லை. மழையையும் வெயிலையும் பார்த்து வேலை செய்து பழகியவர்கள் சங்கொலிக்குக் கட்டுப்பட்டு வேலை செய்வது எளிதா? ஆலைக்குள் வெப்பமும் பஞ்சுத் தூசியும் காதைத் துளைக்கும் ஓசையும் வேறு. வராதவர் கூலியைப் பிடிப்பதே அக்கால ஆலைகளின் வழக்கம். ஜாம்ஷெட்ஜி அவ்வழியில் செல்லவில்லை. தொழிலாளர் ஏன் வரவில்லை என்று எண்ணிப் பார்த்தார்.

அவ்வாறு எண்ணும் இயல்பு அவருக்கு எளிதில் வந்ததன்று. குஜராத்தில் உள்ள நவசாரி என்னும் ஊரில், பார்சி சமயக் குருமார் குடும்பத்தில், 1839ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் நுசர்வான்ஜி குலத்தொழிலை விட்டு மும்பைக்குச் சென்று வணிகரானவர். மகனும் மும்பைக்குச் சென்று எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858இல் தேறினார். அடுத்த ஆண்டே வணிகத்துக்காக ஹாங்காங் சென்றார்.

அதன்பின் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்லவில்லை. எனவே லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை என்ன விலை கொடுத்தும் வாங்கின. மும்பையில் செல்வம் பெருகியது, பேராசையும் பெருகியது. 1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை ஒரே வீச்சில் சரிந்தது. வங்கிகள் வீழ்ந்தன. இலண்டனில் இருந்த ஜாம்ஷெட்ஜியின் கையில் இருந்த பத்திரங்கள் வெற்றுத் தாள்கள் ஆயின. அவர் ஒளிந்து ஓடவில்லை. கடன் கொடுத்தோரிடம் நேரில் சென்று உள்ள நிலைமையை மறைக்காமல் கூறினார். அவருடைய நேர்மையைக் கண்ட அவர்கள், அந்நிறுவனத்தின் கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை மாதம் இருபது பவுன் சம்பளத்தில் அவரிடமே ஒப்படைத்தனர்.

பின்னர் 1868இல் 21,000 ரூபாய் முதலுடன் சொந்த வணிகம் தொடங்கினார். நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை மும்பையில் வாங்கிப் பஞ்சாலை ஆக்கி நல்ல விலைக்கு விற்றார். பின்பு இங்கிலாந்து சென்று லங்காஷயர் ஆலைகள் நடக்கும் முறையைக் கூர்ந்து கற்றார். பஞ்சாலை என்றால் மும்பை என்றிருந்த அந்நாளில் அவர் நாகபுரியைத் தேர்ந்தது பலருக்கு வியப்பளித்தது. பருத்தி விளையும் மண் அருகில் இருந்தது, இருப்புப்பாதையும் வந்துவிட்டது, அதுவே அவர் கணக்கு. ஆயினும் கிடைத்த இடம் குளக்கரைச் சதுப்பு நிலம். அதனை மண்கொட்டி மேடாக்கியபோது, பொன்னைக் கொண்டு பள்ளத்தை நிரப்புகிறார் என்று உள்ளூர் வட்டிக்கடைக்காரர் ஒருவர் எள்ளி நகையாடிக் கடன் தர மறுத்தாராம்.

இத்தகையவர்தாம் காலியாகக் கிடந்த எந்திரங்களின் முன் நின்று சிந்தித்தார். ஆலையின் மேலாளர் பேசன்ஜி தாதாபாய் மேத்தா. அவர் இரயில்வேயில் பணியாற்றியவர். பஞ்சாலைத் தொழிலுக்குப் புதியவர். ஆனால் மனிதர்களை ஆளத் தெரிந்தவர். இருவருமாக முதலில் பணியிடத்தைச் சீர்செய்தனர். காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். ஈரப்பதம் ஊட்டும் கருவிகளைப் பொருத்தினர். பஞ்சு தீப்பற்றினால் ஆலையே எரிந்துபோகும். ஆகவே தீ மூண்டதும் தானாக நீர் தெளிக்கும் குழாய்களை அமைத்தனர்.

ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவும் நடந்தது. தவறாமல் பணிக்கு வந்தவர்களும் திறம்படப் பணிசெய்தவர்களும் கடிகாரம், சங்கிலி, துணி, பணமுடிப்பு ஆகியவற்றைப் பெற்றனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. பிடித்தம் செய்த கூலி கணக்கேட்டில் மறைந்துபோகும். பரிசாகப் பெற்ற கடிகாரமோ ஊர்முழுவதும் பேசப்படும்.

1886ஆம் ஆண்டு ஓய்வூதிய நிதி ஒன்று அவ்வாலையில் ஏற்படுத்தப்பட்டது. முதுமையில் கை ஓய்ந்த பின்னும் ஒரு வருவாய் உண்டு என்னும் உறுதியை அக்காலத்து ஆலைத் தொழிலாளி பெரும்பாலும் கண்டதில்லை. 1895 முதல் பணியின்போது விபத்துக்கு உள்ளானவர்களுக்கு இழப்பீடும் வழங்கப்பட்டது. சுழலும் பட்டையில் கை சிக்கினால் அந்தக் கையோடு ஒரு குடும்பத்தின் உணவும் போய்விடும் காலம் அது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தியாவில் வந்ததோ 1923இல். வருங்கால வைப்பு நிதிக்கான சட்டம் 1952இல்தான் வந்தது. பெற்றோரின் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் காணப்படும் வைப்பு நிதிப் பிடித்தத்துக்குப் பின்னால் இத்தனை நெடிய கதை இருக்கிறது.

எல்லாம் நிறைவாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பொழுது விடிந்தது முதல் அடையும் வரை நீண்ட வேலை நேரம் அக்கால ஆலைகளின் பொதுவழக்கம். எட்டு மணிநேர வேலை அவர் காலத்தில் கனவாகவே இருந்தது.

ஆலையின் உயர்ந்த தொழில்நுட்பப் பணிகளில் அந்நாளில் ஆங்கிலேயரே மிகுதியாக இருந்தனர். எந்திரம் பழுதானால் அவர்கள் முகத்தையே பார்க்க வேண்டியிருந்தது. இந்நிலை மாறும்பொருட்டு, படித்த இந்திய இளைஞர்களைப் பயிற்சியாளராகச் சேர்த்து, ஆலையின் பணிகளைக் கையால் செய்து கற்கச் செய்தார் ஜாம்ஷெட்ஜி. பட்டம் பெற்றவன் பஞ்சுத் தூசியில் நிற்பதா என்று முகம் சுளித்த சமூகத்தில் இது சிறிய செயலன்று. தொழிலைத் தொடங்கி நடத்துவோர் ஆலைத்தளத்திலிருந்தே உருவாக வேண்டும் என்பது அவர் கருத்து.

1892இல் அவர் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். வெளிநாடு சென்று உயர்கல்வி பெற விரும்புவோர்க்கு அது பணம் அளித்தது. ஆனால் இலவசமாக அன்று, கடனாக. படித்துப் பொருளீட்டியபின் திருப்பித் தர வேண்டும். அப்பணம் அடுத்த மாணவருக்குச் செல்லும். முதலில் பார்சி மாணவர்க்கு மட்டும் என்றிருந்ததை 1894இல் எல்லாச் சமூகத்தார்க்கும் விரிவாக்கினார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் இவ்வுதவியுடன் இலண்டன் சென்று பயின்றவர்.

1893இல் ஜப்பானிலிருந்து வட அமெரிக்கா சென்ற கப்பலில் ஜாம்ஷெட்ஜியும் சுவாமி விவேகானந்தரும் ஒன்றாகப் பயணம் செய்தனர். ஐந்து ஆண்டுகள் கழித்து, ஓர் அறிவியல் ஆய்வு நிறுவனம் அமைக்கும் தம் எண்ணத்தை விளக்கி அவருக்கு ஜாம்ஷெட்ஜி மடல் எழுதினார். அந்நிறுவனத்துக்காக மும்பையில் இருந்த தம் கட்டடங்களையும் நிலங்களையும் அளிக்க முன்வந்தார். அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாய். வைசிராய் கர்சன் பிரபுவோ தயங்கினார். அத்தகைய உயர்கல்விக்கு மாணவர் கிடைப்பார்களா, கற்றவர்க்கு வேலைதான் கிடைக்குமா என்பன அவருடைய ஐயங்கள். ஆண்டுகள் கடந்தன. 1904ஆம் ஆண்டு மே 19ஆம் நாள், ஜெர்மனியில் உள்ள பாட் நௌஹைம் என்னும் ஊரில் ஜாம்ஷெட்ஜி காலமானார். நிறுவனத்தின் ஒரு செங்கல்லைக்கூட அவர் காணவில்லை.

1909இல் பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனம் நிறுவப்பட்டது. மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் வழங்கியது. 1933இல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன்.

இரும்பாலைக் கனவும் அவ்வாறே அவர் மறைந்தபின் நனவாயிற்று. இடமே முடிவாகாத 1902இல், தொழிலாளர் வாழப்போகும் நகரைப் பற்றி அவர் மகன் தோராப்ஜிக்கு எழுதியிருந்தார். அகன்ற தெருக்கள், விரைந்து வளரும் நிழல்மரங்கள், விளையாட்டுத் திடல்கள், எல்லாச் சமயத்தார்க்கும் வழிபாட்டிடங்கள் எனப் பலவற்றை அதில் குறித்திருந்தார். சாக்சி என்னும் சிற்றூரில் எழுந்த அந்த ஆலையில் 1912இல் எட்டு மணிநேர வேலை நடைமுறைக்கு வந்தது. 1920இல் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் வைப்பு நிதியும் வந்தன. 1921இல் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. இதற்கிடையே 1919இல் சாக்சி, ஜாம்ஷெட்பூர் என்று பெயர் மாற்றம் பெற்றிருந்தது. வேலை தேடிச் சென்ற தமிழ்க் குடும்பங்களும் அந்நகரில் குடியேறின.

நாகபுரியின் எம்பிரஸ் மில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஓடி நின்றுவிட்டது. அவ்விடத்தில் இப்போது வணிக வளாகம் இருக்கிறது. 1892இல் தொடங்கிய கல்விக்கடன் மட்டும் இன்றும் ஆண்டுதோறும் கைமாறிக்கொண்டிருக்கிறது.