கர்ட் ஹான் என்னும் ஆசிரியப் பெருந்தகை

கற்பிக்கும் தொழில் பூண்டோர்க்கு ஒரு வினா என்றேனும் வந்தே தீரும். தம்பாற் கற்ற மாணாக்கன் தீநெறியிற் செல்லக் கண்டவிடத்து, அது பள்ளிக்குப் புறம்பான செய்தியென்று வாளாவிருத்தல் தகுமோ என்பதே அவ்வினா. இதற்குத் தம் பள்ளியையும் பிறந்த நாட்டையும் விலையாகக் கொடுத்து விடையிறுத்த ஆசிரியர் ஒருவர் சென்ற நூற்றாண்டில் விளங்கினார். கர்ட் ஹான் என்பது அவர் பெயர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ஹான் 1886-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5-ஆம் நாள் ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினில், செல்வம் மிக்க யூதக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். 1904-ஆம் ஆண்டில், 18 வயதினராயிருந்த அவரைக் கடுவெயில் தாக்கிற்று. அந்நோய் முற்றும் நீங்கவேயில்லை. நெடுநாள் இருட்டறையிற் கிடந்தார். பிற்காலத்தும் அகன்ற விளிம்புடைய தொப்பியின்றி வெயிலிற் புறப்பட இயலாதவரானார். கடலிலும் மலையிலும் பிள்ளைகளை ஓடவிட்டுப் பயிற்றிய ஒருவர், தாம் நிழலைத் தேடி ஒதுங்க வேண்டியவராயிருந்தார் என்பதை நினைக்குந்தோறும் எமக்கு வியப்புண்டாகின்றது. ஆக்ஸ்போர்டிலும் ஜெர்மனியின் சர்வகலாசாலைகள் சிலவற்றிலும் பயின்றார். பிளேட்டோவின் நூல்களில் ஆழ்ந்தார். ஆயினும் பட்டம் ஒன்றும் பெற்றிலர்.

1914-ல் முதல் உலகப்போர் மூண்டபொழுது ஜெர்மனிக்கு மீண்டு, வெளிநாட்டு அமைச்சகத்தில் ஆங்கிலப் பத்திரிகைகளைப் படித்துக் கருத்துரைக்கும் அலுவலில் அமர்ந்தார். 1918-ல் ஜெர்மன் பேரரசின் கடைசிப் பிரதம மந்திரியாகிய பாடன் இளவரசர் மாக்ஸ் என்பார்க்கு அந்தரங்கச் செயலாளராயினார். தோற்று நலிந்த நாட்டை இளஞ்சிறார் வாயிலாகவே நிமிர்த்தல் வேண்டுமென இருவரும் எண்ணினர். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அணித்தாகிய சேலம் என்னும் ஊரில், முற்காலத்துத் துறவியர் மடமாயிருந்த மாளிகை இளவரசர்க்கு உரியதாயிருந்தது. (பெயர் ஒற்றுமையால் நம் சேலமென மயங்கற்க.) அம்மாளிகையில் 1920-ஆம் ஆண்டு, மாணாக்கர் உண்டு உறைந்து கற்கும் பள்ளி தொடங்கிற்று. செல்வர் மக்கள் செல்வச் செருக்கினின்று விடுபடுதல் கல்வியின் ஒரு பகுதியென ஹான் கொண்டார். அதனால் எளியோர் பிள்ளைகட்கும் அங்கே இடமளித்தார்.

அப்பள்ளியில் வழங்கிய முறையொன்று எம் மனத்தைக் கவர்ந்தது. ஒவ்வொரு மாணாக்கனும் தான் நாடோறும் செய்தற்குரிய கடமைகளை ஒரு தாளிற் குறித்து வைத்திருப்பான். இரவில், செய்தன இவை, தவறியன இவை என்று தானே அடையாளமிடுவான். ஆசிரியர் அதனைத் தணிக்கை செய்வதில்லை. மாணாக்கனை நம்புதலே முறை. கையிற் பிரம்பும் மேசைமேல் வருகைப் பதிவேடுமாய்க் காலங் கழிக்கும் எம்மனோர்க்கு இது எளிதிற் கைவாராது.

நிற்க. 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பொடெம்பா என்னும் சிற்றூரில், ஹிட்லரின் படையினர் சிலர் நள்ளிரவில் ஒரு தொழிலாளியின் வீடு புகுந்து, தாயின் கண்ணெதிரே அவனை அடித்தும் மிதித்தும் கொன்றனர். நீதிமன்றம் ஐவர்க்கு மரண தண்டனை விதித்தது. ஹிட்லரோ அக்கொலைஞரைத் தம் தோழரெனப் போற்றித் தந்தி விடுத்தார். இதனை அறிந்த ஹான், சேலம் பள்ளியின் பழைய மாணாக்கர் சங்கத்தார்க்குக் கடிதம் வரைந்தார். ஹிட்லரின் படைகளிற் சேர்ந்துழைப்போர் ஹிட்லரை விடுக, அன்றேற் சேலத்தை விடுக. இரண்டனையும் ஒருங்கு பற்றுதல் ஒண்ணாது என்பதே அதன் சாரம். அவரோ யூதர், பள்ளியின் வாழ்வோ பெற்றோர் ஆதரவைச் சார்ந்தது. இத்தகைய கடிதம் எழுதப் புகின், எம் போன்ற உபாத்தியாயர்க்கு முதற்கண் மாதச் சம்பளமே நினைவிற்கு வரும் என்பதை மறைப்பானேன்?

அடுத்த ஜனவரியில் ஹிட்லர் ஆட்சி எய்தினார். மார்ச்சு மாதத்தில் ஹான் சிறைப்பட்டார். இங்கிலாந்தின் பிரதம மந்திரி ராம்சே மாக்டொனால்டு முதலியோர் முயற்சியால் விடுவிக்கப்பெற்று, 1933-ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்து சேர்ந்தார். அப்பொழுது வயது 47. எல்லாவற்றையும் இழந்தவர், மறு ஆண்டே ஸ்காட்லாந்தின் வடகரையில் கார்டன்ஸ்டன் பள்ளியை நிறுவினார். பிற்காலத்து எலிசபெத் இராணியாரின் கணவராகிய பிலிப் அங்கே முதன்முதற் சேர்ந்த மாணாக்கருள் ஒருவர். கரையோரக் காவலில் மாணாக்கரும் பங்கு கொண்டு, கலங்கள் இடருறாவண்ணம் கடலை நோக்கியிருந்தனர். அதனை யாம் பெரிதும் பாராட்டுகின்றோம். காலைதோறும் தண்ணீர்க் குளியலும் ஓட்டமும் எல்லாச் சிறார்க்கும் ஒருபடித்தாய் விதித்ததை அவ்வளவு ஒப்புகின்றிலோம். மெல்லியல்பினர் அங்கே வருந்தியிருத்தல் கூடும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், கப்பல் மூழ்கியபின் உயிர்ப்படகுகளில் முதியோர் பிழைத்திருக்க இளைஞர் மாய்கின்றனர் என்று கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட் கவன்றார். அவருடன் கூடி 1941-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டு அபெர்டோவியில் அவுட்வர்ட் பவுண்ட் என்னும் பயிற்சிச் சாலையை ஹான் தொடங்கினார்.

1953-ல் நோயினால் தலைமையாசிரியர் பதவியை விட்டார். 1955-ஆம் ஆண்டில் பாரிஸில் இருந்த நேட்டோ படைக் கல்லூரிக்குச் சென்றவர், பத்தாண்டின் முன்னர் ஒருவரையொருவர் கொல்ல நின்ற நாட்டினர் ஒரே மேசையிற் கூடிக் கற்றலைக் கண்டார். படைத்தலைவர்க்கு இயல்வது பிள்ளைகட்கு இயலாதோ என்னும் எண்ணம் வலுத்தது. 1962-ஆம் ஆண்டு, அவர்க்கு 76 வயதாகும்பொழுது, வேல்ஸ் கடற்கரையில் செயின்ட் டொனட்ஸ் என்னும் பழங்கோட்டையில் அட்லாண்டிக் கல்லூரி திறக்கப்பெற்றது. பல நாட்டு இளைஞர் அங்கே ஒருங்குறைந்து கற்றதோடு, கடலிற் சிக்கினோரை மீட்கும் பணியையும் மேற்கொண்டனர். 1967 முதற் பெண்மக்களும் சேர்க்கப்பெற்றனர். அதன் வழியிற் பல நாடுகளிற் கல்லூரிகள் எழுந்தன. நம் நாட்டிற் பூனாவிற்கு அணித்தாக 1997-ல் ஒன்று தொடங்கிற்று.

முதுமையில் ஹான் சேலத்தின் பக்கமே திரும்பினார். 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், 88-ஆம் வயதில், அதற்கு அணித்தாகிய ஹெர்மன்ஸ்பெர்க்கில் உயிர் நீத்தார். தம்மைத் துரத்திய நாட்டிலே, தாம் முதலிற் பள்ளி கண்ட அச்சேலத்திலே அடக்கம் செய்யப்பெற்றார்.