குயில் தோப்பில் கூடிய நண்பர்கள்



பாரதியார் என்றதும் நம் கண்முன் வருவது முண்டாசும், முறுக்கு மீசையும், தீப்பொறி பறக்கும் கண்களும்தான். ஒண்ணாம் வகுப்பிலிருந்து அவர் பாட்டைப் படிக்கிறோம். போட்டிக்கு மனப்பாடம் செய்கிறோம், பரிசும் வாங்குகிறோம். ஆனால் அந்தப் பாட்டெல்லாம் எந்த ஊரில், யார் யார் கூட இருந்தப்போ பிறந்தது என்று கேட்டால் நம்மில் பல பேர் முழிப்போம்.

அந்த ஊர் ரொம்ப தூரத்தில் இல்லை. நம்ம விருத்தாசலத்தில் பஸ் ஏறி கடலூர் போய், அங்கிருந்து வேற பஸ் மாறினால் வந்துவிடும். அதுதான் புதுச்சேரி. 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் பாரதி அங்கே வாழ்ந்தார். அந்தப் பத்து வருஷத்தில் அவரைச் சுற்றி இருந்த மனிதர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தீவு போல ஓர் ஊர்

எட்டயபுரத்தில் 11.12.1882 அன்று பிறந்த சுப்பிரமணிய பாரதி, சென்னையில் 'இந்தியா' என்ற வாரப் பத்திரிகையை நடத்தி வந்தார். வெள்ளைக்காரன் ஆட்சியைக் கிழி கிழி என்று கிழித்தார். 1908ஆம் ஆண்டு வ.உ.சி.க்குக் கொடுமையான தண்டனை விதித்தார்கள். அடுத்து 'இந்தியா' பத்திரிகை மேலேயே வழக்கு வந்தது. ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசன் கைதானார். அடுத்து பாரதிதான் என்று நண்பர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவரை வற்புறுத்திப் புதுச்சேரிக்கு அனுப்பி வைத்தார்கள். அப்போ அவருக்கு 25 வயசு. நம்மைவிட ஏழு வயசுதான் பெரியவர்!

புதுச்சேரி அன்று பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் பிரிட்டிஷ் மண், ஒரு பக்கம் கடல். நடுவில் தீவு மாதிரி அந்த ஊர். எல்லைக்குள் இருக்கும் வரை பிரிட்டிஷ் போலீஸ் தொட முடியாது. ஒரு அடி வெளியே வைத்தால் விலங்கு. நாடு கடத்தாமலே நாடு கடத்தப்பட்ட வாழ்க்கை அது.

போன புதிதில் அவருக்கு அங்கே உறவு கிடையாது, கையில் காசும் கிடையாது. இடம் கொடுத்தவரையும் போலீஸ் மிரட்டியது. அந்த நேரத்தில் தானாகத் தேடி வந்த நண்பர்தான் குவளைக் கண்ணன் என்கிற கிருஷ்ணமாச்சாரி. படிப்பாளியும் இல்லை, பணக்காரரும் இல்லை. பாரதி எழுத்தின் மேல் பக்தி கொண்ட ஒரு வாசகர், அவ்வளவுதான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் வருவார்.

கூடிய கூட்டம்

மண்டயம் குடும்பத்தார் அச்சு யந்திரத்தையும் புதுச்சேரிக்கே கொண்டு வந்தார்கள். 'இந்தியா' மீண்டும் வெளிவந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் அது வரக்கூடாது என்று தடுத்ததால் 1910 மார்ச்சில் நின்று போனது. ஆனால் மண்டயம் ஸ்ரீநிவாசாச்சாரியார் வீடும் பாரதி வீடும் ஒரே வீடு போல ஆகிவிட்டன. அவர் மகள் யதுகிரி அந்த வீட்டில் ஓடி விளையாடிய சின்னப் பெண். பிற்காலத்தில் அவர் எழுதிய நினைவுகளில்தான் பாட்டுப் பாடும் பாரதியை, கோபப்படும் பாரதியை, குழந்தைகளோடு குழந்தையாகிற பாரதியை நாம் நேரில் பார்ப்பது போலப் பார்க்கிறோம்.

1910 ஏப்ரலில் வங்காளத்திலிருந்து கப்பலில் அரவிந்தர் வந்து இறங்கினார். அதே வருஷம் வ.வே.சு. ஐயர் வந்தார். லண்டனில் பாரிஸ்டருக்குப் படிக்கப் போய் புரட்சிக்காரராக மாறியவர். மாறுவேஷம் போட்டுக்கொண்டு, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தார். வீரர் மட்டுமா? திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர், கம்பனை ஆராய்ந்தவர், 'குளத்தங்கரை அரசமரம்' என்ற சிறுகதையை எழுதியவர். பிறகு வ.ரா. என்ற இளைஞரும் வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் ஆனால் இவர்கள் கூடிவிடுவார்கள். வேதம் பேசுவார்கள், பிரெஞ்சுப் புரட்சி பேசுவார்கள், கம்பன் பேசுவார்கள். பாரதி அரவிந்தரோடு சேர்ந்து வேதம் படித்தார். அரவிந்தர் பாரதியிடமிருந்து ஆழ்வார் பாடல்களைத் தெரிந்துகொண்டார். நாலு பேர் கூடினால் அரட்டை என்று நாம் சொல்கிறோம். அந்த அரட்டையில் இருந்துதான் புதுத் தமிழே பிறந்தது!

ஒரு கல்யாண வீட்டில் ஓர் இளைஞர் பாரதி பாட்டை உணர்ச்சியோடு பாடினார். எழுதியவர் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. அவர்தான் கனக சுப்புரத்தினம். பாரதியின் நட்பு அவரைப் பாரதிதாசன் ஆக்கிவிட்டது.

முத்தியாலுபேட்டையில் கிருஷ்ணசாமி செட்டியார் என்ற நண்பருக்கு ஒரு தோப்பு இருந்தது. மா மரமும் குயில் சத்தமுமான இடம். வீட்டில் மனசு சரியில்லை என்றால் பாரதி அங்கே போய்விடுவார். 'குயில் பாட்டு' அந்தத் தோப்பு தந்த பரிசு. 1912ஆம் ஆண்டு 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் அச்சில் வந்தது. 'கண்ணன் பாட்டு' 1917இல் புத்தகமாக வந்தது. அதை வெளியிட்டவர் பாரதி தம்பி என்று அன்போடு அழைத்த பரலி சு. நெல்லையப்பர்.

கண்ணன் பாட்டைக் கவனித்துப் பாருங்கள். கடவுளைத் தோழனாக, தாயாக, வேலைக்காரனாக, சீடனாக, குழந்தையாக, காதலியாகப் பாடுகிறார். எனக்கு என்ன தோணுதுன்னா, இப்படிப்பட்ட மனிதர்கள் எல்லாம் அவர் கூடவே நிஜமாக இருந்தாங்க. அதனால்தான் கடவுளையும் அப்படிப் பார்க்க முடிந்தது.

பேர் வராத நண்பர்கள்

அரவிந்தரையும் ஐயரையும் எல்லாரும் எழுதுகிறார்கள். நான் சொல்ல நினைப்பது மற்றவர்களை.

பாரதி குடியிருந்த வீட்டுக்காரர் ஒரு செட்டியார். விளக்கெண்ணெய் செட்டியார் என்று பாரதி அவருக்குச் செல்லப் பெயர் வைத்திருந்தார். வாடகை மாசக்கணக்கில் பாக்கி. செட்டியார் வருவார், உட்காருவார், பாட்டைக் கேட்பார், வாடகையைப் பற்றி வாயே திறக்காமல் எழுந்து போய்விடுவார். வீட்டு வேலை செய்த அம்மாக்கண்ணு கஷ்ட காலத்திலும் அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. அந்தப் பெயரை பாரதி பாட்டிலேயே வைத்துவிட்டார்.

கனகலிங்கம் என்ற இளைஞர் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். 1913இல் பாரதி அவருக்குப் பூணூல் அணிவித்து காயத்ரி மந்திரம் சொல்லிக் கொடுத்தார். பூணூலைப் போடுவதற்குப் பதில் எல்லாரும் கழற்றியிருக்கலாமே என்று இன்று நாம் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் காலத்தில், அந்தத் தெருவில், அந்தச் சாதியில் பிறந்த ஒருவர் அதைச் செய்யும்போது சுற்றிலும் எத்தனை முகம் சுளித்திருக்கும்! கனகலிங்கம் பிற்காலத்தில் தன் குருநாதரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

எல்லா நட்பும் நல்லதையே தந்தது என்று சொல்ல முடியாது. சித்தர், சாமியார் என்று பலரோடும் பழகிய பாரதிக்குப் போதைப் பழக்கமும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. கூட இருந்தவர்களே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்கள். மகாகவி என்பதால் இதை மறைக்க வேண்டியதில்லை. நமக்கு அது எச்சரிக்கை.

செல்லம்மாவின் பங்கு

இந்தக் கதையை எங்க வீட்டில் நான் சொன்னப்போ, எழுதப் படிக்கத் தெரியாத எங்கம்மா கேட்ட முதல் கேள்வி, வந்தவங்களுக்கெல்லாம் சோறு ஆக்கிப் போட்டது யாரு என்பதுதான். புத்தகம் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோணவே இல்லை.

ஆக்கிப் போட்டது செல்லம்மா. 1897இல் கல்யாணம் நடந்தபோது அவருக்கு ஏழு வயசு, பாரதிக்குப் பதினாலு. புதுச்சேரியில் இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, வரும்படி இல்லாமல் குடும்பம் நடத்தினார். தபாலைப் போலீஸ் உடைத்துப் பார்க்கும். மணியார்டர் வந்தால் வரும், வராமலும் போகும். சமையலுக்கு எடுத்து வைத்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு வாரி இறைத்த கதை நமக்கு இனிக்கிறது. அன்றைக்கு உலை வைக்க அரிசி தேடிய செல்லம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

பெண் விடுதலை பாடியவர் வீட்டில் மனைவியோடு சண்டையும் வந்தது, சமாதானமும் வந்தது. கைகோத்துத் தெருவில் நடந்ததும் உண்டு. அந்தக் காலத்தில் அது ஊரே வேடிக்கை பார்த்த விஷயம். 1951இல் திருச்சி வானொலியில் பேசிய செல்லம்மா, ஒரு கவிஞனுக்கு மனைவியாக வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்பதையும் சொன்னார், அவரைப் பற்றிய பெருமையையும் சொன்னார். இரண்டுமே உண்மைதான்.

சோதனை

17.6.1911 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். அதற்குப் பிறகு புதுச்சேரி முழுக்க ஒற்றர்கள். வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய்யான ஆவணங்களைப் போட்டு மாட்டிவிடப் பார்த்தார்கள். நண்பர்கள் முந்திக்கொண்டு பிரெஞ்சு அதிகாரிகளிடம் தாங்களே போய்ச் சொல்லிவிட்டார்கள். அரவிந்தர் வீட்டைச் சோதிக்க வந்த பிரெஞ்சு நீதிபதி, அங்கே கிரேக்க, லத்தீன் புத்தகங்களைப் பார்த்து மரியாதையோடு திரும்பிப் போனார். அடுத்து, வெளியூர்க்காரர்கள் தங்க வேண்டுமென்றால் உள்ளூர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. பயப்படாமல் கையெழுத்து வாங்கித் தந்தவர் கலவை சங்கர செட்டியார். அந்த ஐந்து கையெழுத்து இல்லாவிட்டால் அந்தக் கூட்டமே சிதறியிருக்கும்.

1914இல் உலக யுத்தம் வந்தது. கெடுபிடி அதிகமாகியது. 1916இல் பெரும் புயல் புதுச்சேரியைப் புரட்டிப் போட்டது. அப்போதும் நண்பர்களோடு சேர்ந்து பாரதி ஜனங்களுக்கு உதவினார். ஆனால் கூண்டுக்குள் பத்து வருஷம் போதும் என்று ஆகிவிட்டது.

20.11.1918 அன்று எல்லையைத் தாண்டினார். உடனே கைது. கொண்டு போய் அடைத்த இடம் நம்ம கடலூர்! ஏறக்குறைய 25 நாள் சிறையில் இருந்தார். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் போன்றவர்கள் முயற்சி எடுக்க, எழுதுவதைப் போலீசுக்குக் காட்ட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு டிசம்பரில் விடுதலையானார். செல்லம்மாவின் ஊரான கடையத்துக்குப் போனார்.

கடைசி வரை

1920 முடிவில் சென்னைக்கு வந்து 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் மறுபடி சேர்ந்தார். 1921இல் திருவல்லிக்கேணி கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது. யானையின் காலடியில் கிடந்தவரைக் காப்பாற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை. ஒருவர் மட்டும் உள்ளே குதித்துத் தூக்கி வந்தார். அவர்தான் குவளைக் கண்ணன்! தேறி எழுந்த பாரதி, பிறகு வயிற்று நோயில் விழுந்தார். 1921 செப்டம்பர் 11ஆம் தேதி இரவு கடந்து, விடிவதற்கு முன்பே உயிர் பிரிந்தது. வயது 38. பக்கத்தில் இருந்தவர்களில் நெல்லையப்பர் ஒருவர். இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பார்கள்.

ஊர் வரவில்லை. நண்பர்கள் வந்தார்கள். 1922இல் செல்லம்மா 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் பாடல்களை அச்சிட முனைந்தார். நெல்லையப்பர், வ.ரா., பாரதிதாசன், யதுகிரி, கனகலிங்கம் என்று ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லியும் எழுதியும் அவரை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1949இல் சென்னை அரசு அவர் நூல்களின் உரிமையை வாங்கி, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது.

நண்பர்களே! பீங்கான் தொழில் படிக்கிற நமக்கு ஒன்று தெரியும். மண் எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும், பிசைய ஒரு கை, சூளைக்குத் தீ போட ஒரு கை, ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பார்த்துக்கொள்ள ஒரு கை வேணும். பாரதி அபூர்வமான மண். அவர் கூட இருந்த கைகள் எத்தனையோ. அதில் வாடகை கேட்காத கையும் உண்டு, சோறு ஆக்கிய கையும் உண்டு.

நாம் எல்லாரும் பாரதி ஆக முடியாது. ஆனால் பக்கத்து ரூமில் பாட்டு எழுதுகிறவன், படம் வரைகிறவன், மெஸ் பீஸ் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்தப் பார்க்கிறவன் இருப்பான். அவனுக்கு ஒரு குவளைக் கண்ணனாக நம்மால் இருக்க முடியும். நமக்காக வீட்டில் உலை வைக்கிறவர்களையும் மறக்காமல் இருப்போம்.

வாழ்க பாரதி புகழ்! வளர்க நம் நட்பு!