உப்புக்கும் பொன்னுக்கும் நடுவே ஒரு வேந்தர்

சகாராப் பாலையின் தென்விளிம்பில், மணல் தேய்ந்து புல்வெளி தொடங்கும் நிலத்தில், நைஜர் ஆற்றை நம்பி எழுந்தது மாலிப் பேரரசு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுந்தியாத்தா என்னும் வீரர் அதற்கு அடித்தளம் இட்டார். அவருடைய குடும்பத்தில் தோன்றி, 1312ஆம் ஆண்டளவில் அரியணை ஏறி, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆண்டவர் மூசா. மான்சா என்பது மாண்டிங்கா மொழியில் அரசரைக் குறிக்கும் சொல். வரலாறு அவரை மான்சா மூசா என்றே அழைக்கிறது. உலகில் வாழ்ந்தோருள் பெருஞ்செல்வர் அவரே என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். அச்செல்வம் எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்பதை அறிந்தாலன்றி அவ்வேந்தரின் வாழ்வு விளங்காது.

மாலியின் பொன், தெற்கே பாம்புக், பூரே ஆகிய பகுதிகளின் மண்ணிலிருந்து வந்தது. அதை எடுத்தவர்கள் தத்தம் பழைய வழிபாட்டைக் கைவிடாத எளிய மக்கள். அவர்களை வென்று தம் சமயத்தைப் புகுத்திய இடங்களிலெல்லாம் பொன் விளைவு குன்றிப்போனதை மாலி மன்னர்கள் கண்டிருந்தனர். ஆகவே மூசா அம்மக்களை அவர்கள் போக்கில் விட்டுவிட்டுத் திறையாகப் பொன்னைப் பெற்றுக்கொண்டார்.

பொன் உள்ள நாட்டில் உப்பு இல்லை. உப்பு, வடக்கே நடுப்பாலையில் இருந்த தகாசாவில் பாறையாகக் கிடந்தது. அங்கே மரம் இல்லை. வீடுகளின் சுவர்கள் உப்புப் பாளங்கள், கூரை ஒட்டகத் தோல். உப்பை வெட்டியவர்கள் அடிமைகள். அவர்கள் உண்ட பேரீச்சையும் தினையும் நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டும். இலங்கையையும் மதுரையையும் கண்டு சென்ற பயணி இப்னு பதூதா 1352இல் அவ்வூரைக் கடந்தார். ஓர் ஒட்டகச் சுமை உப்பு, பாலையின் தென்கரையிலுள்ள வலாத்தாவில் 8 முதல் 10 மித்கால் பொன்னுக்கு விற்றதையும், மாலித் தலைநகரில் அதுவே 20 முதல் 30 மித்காலாகவும் சில வேளை 40ஆகவும் உயர்ந்ததையும் அவர் குறித்துவைத்தார். ஒரு மித்கால் ஏறக்குறைய 4.25 கிராம். உப்பு தெற்கே இறங்கும் வழியும் பொன் வடக்கே ஏறும் வழியும் சந்திக்கும் இடத்தைக் கைக்கொண்டிருந்ததே மூசாவின் செல்வத்தின் வேர்.

1324இல் அவர் மெக்காப் பயணம் மேற்கொண்டார். ஆயிரக்கணக்கான பரிவாரத்தோடும் ஒட்டகச் சுமைகளாகப் பொன்னோடும் பாலையைக் கடந்து, அவ்வாண்டு கோடையில் கெய்ரோவை அடைந்தார். எகிப்திய சுல்தானின் முன் மண்ணை முத்தமிட முதலில் மறுத்தார்; பின்னர்த் தம்மைப் படைத்த இறைவனுக்கே பணிவதாகக் கூறி வணங்கினார். அரசவையில் அவர் கொடை பெறாதவர் அரியர். அங்காடியிலோ அவருடைய மக்களின் வெள்ளை உள்ளத்தை வணிகர்கள் நன்கு பயன்படுத்திக்கொண்டனர்; ஒரு தினார் பெறும் ஆடைக்கு ஐந்து தினார் வாங்கினர். அதுவரை மித்கால் ஒன்றுக்கு 25 திர்ஹத்துக்குக் குறையாதிருந்த பொன்னின் விலை 22க்கும் கீழே இறங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் அது மீளவில்லை என்று அறிஞர் அல் உமரி பதிவு செய்துள்ளார்.

திரும்பும் வழியில் அவ்வேந்தர் கையில் பொருள் இல்லை. எந்த நகரின் பொன் விலையைத் தாம் சரித்தாரோ, அதே நகர வணிகரிடம் பெருவட்டிக்குக் கடன் வாங்கினார்.

எனினும் வெறுங்கையராய் அவர் நாடு திரும்பவில்லை. சமயச் சட்ட நூல்களை வாங்கிவந்தார். கிரானடா நகரத்துக் கவிஞர் அபூ இசாக் அல் சாஹிலியைத் தம்முடன் அழைத்துவந்தார். கவிஞரே கட்டடக் கலைஞராகவும் விளங்கி அரசருக்குக் குவிமாட மண்டபம் ஒன்றை எழுப்பினார். திம்புக்டுவில் இன்றும் நிற்கும் ஜிங்கரேபர் பள்ளிவாசலையும் மரபு அவர் பெயரோடு இணைக்கிறது. அந்நகரம் பின்வந்த நூற்றாண்டுகளில் ஏடுகளின் நகரமாயிற்று.

மூசா 1337ஆம் ஆண்டளவில் மறைந்தார். 1375இல் வரையப்பட்ட கத்தலான் நிலப்படம், கையில் பொன்னுருண்டை ஏந்திய அரசராக அவரை ஐரோப்பாவுக்குக் காட்டியது. அடுத்த நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரைக்கு வந்தபோது பொன்னுக்குக் கடல்வழியும் பிறந்தது. மாலி மெல்லத் தளர்ந்தது. 2012இல் ஆயுதக் குழுக்கள் திம்புக்டுவைப் பிடித்தபோது, அந்நகரத்தார் ஏடுகளை இரும்புப் பெட்டிகளில் அடைத்துத் தரைவழியாகவும் ஆற்றுவழியாகவும் பமாக்கோவுக்குக் கடத்திக் காத்தனர். பொன்னுக்காக அவர்கள் உயிரைப் பணயம் வைக்கவில்லை.

மூசாவுக்குக் கடன் கொடுத்தவர்களுள் ஒருவர் அலெக்சாந்திரியா வணிகர் சிராஜுத்தீன். அனுப்பிய ஆள் பணத்தோடு திரும்பாமையால், மகனுடன் தாமே மாலிக்குப் புறப்பட்டார். திம்புக்டுவில் கவிஞர் அல் சாஹிலி அவரை விருந்தினராக ஏற்றார். அன்றிரவே வணிகர் இறந்தார். விருந்தில் நஞ்சு கலந்ததாக ஊர் ஐயுற்றது. தாமும் அதே உணவை உண்டதைச் சொல்லி மகனே அவ்வையத்தை நீக்கினார். கடனை வசூலித்துக்கொண்டு எகிப்துக்குத் திரும்பினார். கவிஞரின் கல்லறையையும் கடன் கொடுத்தவரின் கல்லறையையும் இப்னு பதூதா அந்நகரில் கண்டார். தகாசாவில் உப்பு வெட்டியவர்களின் பெயரை மட்டும் எவரும் எழுதிவைக்கவில்லை.